சிவிறி வழக்கு

பரிபாடலை நான்கு சுவர்களுக்குள் வைத்து நடத்துவது பாவம் என்று எங்கள் துறையில் முன்பிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். பணி ஓய்வு பெறும்வரை அவர் ஒருநாளும் வகுப்பை விட்டு வெளியே போனவரல்லர் என்பது வேறு செய்தி. அவர் சொன்னதை மெய்யென்று நம்பி மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போனவர்கள் நாங்கள் இருவர். 'நாங்கள்' என்று இங்கே எழுதுவது ஆசிரியப் பன்மையன்று. அன்று உடன்சென்ற விரிவுரையாளர்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் இது. அதன் பழியை இன்றுவரை பங்கு பிரித்துக்கொள்ள முடியாததால் எழுத்திலும் ஒன்றாகவே நிற்கிறோம்.

நகரத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வையைப் பாடல்களைப் பற்றிப் பேசுவதால் அது மதுரை என்று வாசகர்கள் முடிவுகட்ட வேண்டாம். ஆறும் காவல் ஆணையரகமும் ஒருங்கே அமைந்த நகரங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

பரிபாடல் எழுபது பாடல்கள் கொண்டது என்பது மரபு. நமக்கு முழுதாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. அவற்றில் எட்டு வையைக்கு உரியவை. உ.வே.சா. 1918இல் பதிப்பித்திராவிட்டால் இவையும் போயிருக்கும். சங்க நூல்களில் ஒரு நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் கூச்சலிடுவதைக் கேட்க வேண்டுமானால் இந்த எட்டுப் பாடல்களுக்குத்தான் போகவேண்டும். புதுவெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி கேட்டதும் ஊர் நிலைகொள்ளாமல் போகிறது. அவசரத்தில் தேர்க்குதிரைகளை வண்டியிலும் வண்டிக்காளைகளைத் தேரிலும் மாற்றிப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் நீரைப் பீய்ச்சுகிறார்கள். அதே கூட்டத்தில் ஒரு பெண், காணாமற்போன தன் அணிகலனைக் கணவனின் பரத்தையிடம் கண்டுகொள்கிறாள். களவு, துரத்தல், நடுத்தெருச் சண்டை எல்லாம் அந்தப் பாடலில் உண்டு. காவலர் மட்டும் வருவதில்லை. சுற்றியிருப்பவர்களே பேசித் தீர்க்கிறார்கள்.

நீர் பீய்ச்சும் அந்தக் கருவிக்குப் பெயர் சிவிறி. முதுகலை முதலாண்டு வகுப்பில் அந்தச் சொல்லுக்கு 'நீர்வீசு கருவி' என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு நாங்கள் நகர்ந்துவிட்டோம். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் நகரவில்லை. கூடை முடையும் குடும்பத்துப் பிள்ளை. மூங்கில் அவனுக்குக் கைவந்த பொருள். இரண்டு நாள் கழித்துப் பதினோரு சிவிறிகளோடு வந்து நின்றான். ஒரு கணு விட்டு அறுத்த மூங்கில், கணுவில் சிறு துளை, துணி சுற்றிய உந்துகோல். பாடலில் சிவிறிக்கு நெய்யோடு தொடர்பு சொல்லப்படுகிறதே என்று கோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தான். "துணி வழுக்கலேன்னா தண்ணி ஏறாதுங்கய்யா, அதுக்குத்தான் நெய்யி" என்றான். உரையாசிரியர்கள் இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை. அவனைச் சிவிறிக்காரன் என்றே இங்கே குறிப்பிடுகிறோம்.

2013ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. இருபத்தொரு மாணவர்கள், நாங்கள் இருவர். ஆற்றில் கணுக்கால் அளவு நீர். பாலத்துக்குக் கீழே மணல் சற்றுச் சுத்தமாக இருந்தது. முதலில் பாடலைப் படித்தோம். அதிகம் போனால் கால்மணி நேரம். பிறகு சிவிறிகள் கைமாறின. யார் யார்மேல் பீய்ச்சினார்கள் என்று கணக்கில்லை. எங்கள் கையிலிருந்த நூலும் நனைந்தது. ஒரு மாணவி உச்சக்குரலில் கும்மிப்பாட்டு ஒன்றை எடுக்க, மற்றவர்கள் தட்டுக்கெட்டு ஆடினார்கள். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கையசைக்கவும் செய்தார். இன்னொருவர் காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியிருக்கிறார்.

இரண்டு வண்டிகள் வந்தன. காவலர்கள் பாலத்தின் இருபுறமிருந்தும் இறங்கினார்கள். "எல்லாம் கையில இருக்கறதக் கீழ போடு!" என்ற குரலுக்குப் பிறகுதான் அவர்கள் வந்ததே எங்களுக்குத் தெரிந்தது. மாணவர்கள் சிவிறிகளை மணலில் போட்டார்கள். பதினோரு மூங்கில் குழாய்களும் ஒரு பாலத்தின் அடியில் வரிசையின்றிக் கிடந்தன.

இங்கே அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011 அக்டோபரில் அத்வானியின் யாத்திரை செல்லவிருந்த வழியில், திருமங்கலத்தை அடுத்த ஆலம்பட்டியில் பாலத்துக்கு அடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின் இரண்டாண்டுகூட முடியாத நிலையில், 'பாலத்துக்கடியில் ஒரு கும்பல், கையில் குழாய்கள்' என்று ஒரு அழைப்பு வந்தால் காவலர்கள் ஓடி வரத்தான் வேண்டும். நடையாய் வந்திருந்தால்தான் குறை சொல்லியிருப்போம்.

உதவி ஆய்வாளர் ஒரு குழாயைக் காலால் புரட்டினார். நீர் ஒழுகியது.

"என்னடா இது?"

"சிவிறி சார்."

"என்ன?"

"சிவிறி. பரிபாடல்ல வருது சார்."

"பரிபாடலா? அது எந்த அமைப்பு?"

எங்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் பார்த்துவிட்டார். பின்னர் நடந்தவற்றில் அதற்கு எவ்வளவு பங்கு என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். அடையாள அட்டைகளை நீட்டினோம். பாடநூலைக் காட்டினோம். ஒரு காவலர் சிவிறியை வாங்கி ஆற்றுநீரை உறிஞ்சிப் பீய்ச்சியும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் பள்ளிக்கூடத்துப் பையன் தெரிந்தான். ஆக, வந்து பத்து நிமிடத்துக்குள் அங்கே வெடிபொருள் இல்லை, கும்பல் இல்லை, தமிழ் படிக்கும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்பது அனைவருக்கும் தெரிந்துவிட்டது. அத்தோடு வண்டிகள் திரும்பியிருந்தால் இது ஆண்டுதோறும் துறைவிழாவில் சொல்லிச் சிரிக்கும் கதையாகியிருக்கும்.

வண்டிகள் திரும்பவில்லை. மாணவிகளிடம் வீட்டுத் தொலைபேசி எண்களைக் கேட்டு, அங்கேயே நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினார்கள். "உங்க பொண்ணு ராத்திரி நேரத்துல ஆத்துக்குள்ள பசங்களோட ஆடிக்கிட்டு இருக்கு" என்பதே செய்தி. மணி ஏழுகூட ஆகியிருக்கவில்லை. கும்மி பாடிய மாணவியின் தந்தை மறுநாளே விடுதியை ரத்துசெய்து, அவளைத் தினமும் ஊரிலிருந்து பேருந்தில் வரச்செய்தார். போகவர நான்கு மணி நேரம். படிப்பை முடித்தாள். பாடி நாங்கள் கேட்கவில்லை.

ஆறு மாணவர்களை வண்டியில் ஏற்றினார்கள். நாங்களும் பின்னால் போனோம்.

நிலையத்தில் எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். மாணவர்கள் சுவரோரம் ஈர உடையோடு நின்றார்கள். ரைட்டர் என்று அழைக்கப்படும் எழுத்தர் நல்ல மனிதர். எங்கள் கல்லூரியில் அவர் தங்கையும் படித்திருந்தார். அவர்தான் நிலைமையை எங்களுக்கு விளக்கினார். "சார், கன்ட்ரோல் ரூம் கால் பதிவாயிருச்சு. ரெண்டு வண்டி போயிருக்கு. போய்ப் பாத்தோம், ஒண்ணுமில்லேன்னு எழுதினா, அப்புறம் எதுக்குப் பசங்கள ஏத்துனீங்கன்னு கேள்வி வரும். அஞ்சு பேரை எழுதி வாங்கிட்டு விட்டுர்றோம். குழாய் செஞ்ச பையன் மேல மட்டும் ஒரு எழுபத்தஞ்சு போட்டுக்குறோம். பெட்டி கேஸ்தான். நாளைக்குக் கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா முடிஞ்சது."

எழுபத்தைந்து என்பது சட்டப் பிரிவு. சென்னை நகரக் காவல் சட்டம் 1888இல் இயற்றப்பட்டது. பின்னாளில் மதுரை, கோவை, திருச்சி, நெல்லை, சேலம் ஆகிய நகரங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பொது இடத்தில் குடித்திருத்தல், கூச்சல் குழப்பம் விளைவித்தல், ஒழுங்கீனமாக நடத்தல் ஆகியவற்றை அதன் 75ஆம் பிரிவு தண்டிக்கிறது. கூச்சல் என்பது எந்த அளவில் தொடங்குகிறது என்பதைக் கேட்பவர் காதுதான் முடிவுசெய்ய வேண்டும். அந்தக் காதின்படி வையைப் பாடல் எட்டும் எழுபத்தைந்தில் அடங்கும்.

ரைட்டர் சொன்னதைப் பலநாள் கழித்துத்தான் நாங்கள் சரியாகக் கேட்டோம் என்று சொல்லவேண்டும். அஞ்சியதற்காக அவர்கள் வழக்குப் போடவில்லை. அஞ்சியது வீண் என்று தெரிந்தபின் போட்டார்கள். இரண்டு வண்டிகள் போனதற்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான்.

அன்றிரவு எங்களுக்கு அது உறைக்கவில்லை. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் வேறு. சிவிறிக்காரனைத் தனியே அழைத்து, "ஒத்துக்கப்பா, ஒரு நாள் வேலை, முடிஞ்சுரும்" என்றோம். "நான் என்ன செஞ்சேன்னு ஒத்துக்கணுங்கய்யா?" என்று கேட்டான். அவன் குரலில் கோபமில்லை. பாடத்தில் ஐயம் கேட்கும் குரலில்தான் கேட்டான். பதில் சொல்லாமல் அவன் தோளைத் தட்டினோம்.

மறுநாள் நடுவர் மன்றத்தில் அவனுக்கு முன்னால் குடித்துவிட்டுச் சண்டையிட்ட மூவர், பின்னால் நடைபாதையில் கடை போட்ட ஒரு முதியவர். பெயர் கூப்பிட்டார்கள். பொது இடத்தில் கூச்சலிட்டுப் பொதுமக்களுக்கு இடையூறு செய்ததாக வாசிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நடுவர் கேட்டார். அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். நாங்கள் இருவரும் தலையசைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அபராதத் தொகையை நாங்களே கட்டினோம். அதைப் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டோம் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

இதைப்போல் வேறெங்கேனும் நடந்திருக்கிறதா என்று தேடியபோது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செய்தி கண்ணில் பட்டது. 2007 ஜனவரி 31. சல்லிவன் சதுக்க ரயில் நிலையத்தருகே நெடுஞ்சாலைத் தூண் ஒன்றில் சிறுவிளக்குகள் பதித்த பலகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கேலிச்சித்திரத் தொடர் ஒன்றுக்கான விளம்பரம் அது. நிலாவாசி ஒருவன் நடுவிரலைக் காட்டிக்கொண்டிருக்கும் உருவம், மின்கலம், கம்பிகள், அவ்வளவே. பத்து அமெரிக்க நகரங்களில் இரண்டு மூன்று வாரங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பது நகரங்களில் யாரும் கலவரப்படவில்லை. பாஸ்டனில் வெடிகுண்டுப் பிரிவு வந்தது, பாலங்கள் மூடப்பட்டன, சார்லஸ் ஆற்றில் படகுகள் நிறுத்தப்பட்டன.

2001 செப்டம்பருக்குப் பின்னான நகரம் அது. அந்த விமானங்கள் இரண்டு கிளம்பியதும் அங்கிருந்துதான். ஆகவே அந்தக் காலைநேர அச்சத்தைப் பழிக்க முடியாது. ஆனால் அது விளம்பரம் என்று தெளிந்த பிறகுதான் பலகைகளைப் பொருத்திய இரண்டு இளங்கலைஞர்கள் கைதானார்கள். போலி வெடிகுண்டு வைத்ததாக வழக்கு. போலி என்று யாரும் சொல்லிக்கொண்டு வைக்கவில்லை. பார்த்தவர்கள் அப்படி எண்ணினார்கள். பாலத்தடியில் கிடந்த பதினோரு மூங்கில்களும் இந்தப் பலகைகளும் ஒரு சாதி.

பிணையில் வந்த அவ்விருவரும் செய்தியாளர்களிடம், எழுபதுகளின் தலைமுடி அலங்காரங்களைப் பற்றி மட்டுமே பேசுவோம் என்று பிடிவாதம் பிடித்துப் பேசினார்கள். அந்தத் துடுக்கை நாங்கள் பொறாமையோடு படித்தோம். தொலைக்காட்சி நிறுவனமும் விளம்பர நிறுவனமும் 20 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டன. இளைஞர்கள் சமூகப்பணி செய்தபின் 2007 மே மாதத்தில் வழக்குக் கைவிடப்பட்டது. அவர்களுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. சிவிறிக்காரனுக்குப் பின்னால் நின்றது நாங்கள்.

அவனுக்குக் காவலராக வேண்டும் என்று ஆசை. இதைச் சொன்னால் கதை கட்டுவதாக நினைப்பார்கள் என்று நெடுநாள் தயங்கினோம். தமிழ் முதுகலை முடித்துப் பள்ளி ஆசிரியர் பணிக்குக் காத்திருக்கும் வசதி அந்த வீட்டுக்கு இல்லை. உடற்கட்டுள்ள கிராமத்துப் பையன்களுக்குச் சீருடைப் பணி அரசாங்கச் சம்பளத்துக்கான நேர்வழி. ஓட்டம், கயிறு ஏறுதல், எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினான். விண்ணப்பத்தில், குற்ற வழக்கு எதிலேனும் சம்பந்தப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. அதை நிரப்புமுன் எங்களுக்குத் தொலைபேசினான். "ஐயா, அன்னிக்கு நடந்தத இதுல எழுதணுங்களா?" அதெல்லாம் ஒரு வழக்கா, இல்லை என்றே எழுது என்றோம். எழுதினான். 2018இல் முன்வரலாற்றைச் சரிபார்த்தபோது எழுபத்தைந்து வெளியே வந்தது. உண்மையை மறைத்தார் என்று ஒரு வரியில் கடிதம் வந்தது.

பிறகுதான் நாங்கள் சட்டம் படித்தோம். எங்கள் வழக்கமே அதுதானே, காரியம் கெட்டபின் நூலைத் திறப்பது. அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில் இதற்கு இடமிருந்தது. இளவயதில் முழக்கம் எழுப்பியது போன்ற சில்லறைக் குற்றங்களை மறைத்திருந்தாலும், பணிக்கு எடுப்போர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்கிறது. தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையும் பேசி வைத்துவிட்டு அவன் ஊருக்குப் போனோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். "மறுபடியும் கோர்ட்டுங்களாய்யா?" என்றான். அவன் தாய் எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

2022இல் எங்கள் பக்கத்துப் பெருநகரங்களில் 'ஹேப்பி ஸ்ட்ரீட்' என்று ஒன்று பரவியது. சென்னை, கோவை, மதுரை என ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சாலையை மறித்து, ஒலிபெருக்கியில் திரைப்பாடல் போட்டு, ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். காவலர்கள் பாதுகாப்புக்கு நின்றார்கள். நல்ல காரியம்தான், நாங்களும் ஒருமுறை போய் ஓரமாக நின்று பார்த்தோம். கூச்சல் எழுபத்தைந்தைத் தாண்டி நூற்றைம்பதில் இருந்தது. ஊர்த்திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டு நீதிமன்றப் படியேறும் கிராமத்தார் நினைவுக்கு வந்தார்கள்.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை ஆண்டுதோறும் நாங்கள்தான் நடத்துகிறோம். யார் குற்றவாளி என்று வகுப்பில் கேட்பது வழக்கம். ஆராயாமல் ஆணையிட்ட மன்னன் என்பார்கள் சிலர், பொற்கொல்லன் என்பார்கள் பலர், வாளை வீசிய அந்தக் கல்லாக் களிமகன் என்பார்கள் மற்றவர்கள். அதற்கு முன்னால் ஒரு சிறு இடம் இருக்கிறது. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று சொல்கிறார்கள். சொன்னவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்குகிறான். மந்திரத்தில் தொடங்கிக் கருவியில் முடிகிற பட்டியல். அவர்கள் மறுபடி அவனுக்காக வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் நின்று நிதானித்துப் பேசுவோம். 2013க்குப் பிறகு விரைந்து கடந்துவிடுகிறோம். எங்களில் ஒருவர் நடத்தும்போது மற்றவர் அடுத்த அறையில் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சிவிறிக்காரன் இப்போது ஒரு துணிக்கடையின் கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை. சென்ற ஆடியில் அந்தப் பக்கம் போனபோது அவன் வீட்டுக்குப் போனோம். குழந்தை தெருவில் நெகிழித் துப்பாக்கியால் போவோர் வருவோர்மேல் எல்லாம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எங்கள் சட்டையிலும் பட்டது. நன்றாகத்தான் குறி பார்க்கிறது என்றோம். அவன் சிரித்தான். சற்று நேரத்தில் தெருமுனையில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் குழந்தையைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, "இங்க முத்தத்துலயே வெளயாடு கண்ணு" என்று உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். வந்தது பால்வண்டி. பிறகு விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்குக் கிளம்பினோம்.